பிறர் பிள்ளையை ஏற்றல்: யாழ்ப்பாணத்துச் சமய, அற நோக்குகளின் வரலாறு

"எடுத்து வளர்த்த பிள்ளை" என்று ஒருவரைக் குறிப்பிடும்போது எங்கள் ஊர்களில் பேசுபவரின் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும். அதே ஆள், வளர்த்தவரைப் பற்றிச் சொல்லும்போது "அந்த மனிசி பெரிய புண்ணியம் செய்தவ" என்று குரலை உயர்த்துவார். பிள்ளையின் வரலாற்றுக்கு ஒரு மறைப்பு, வளர்த்தவரின் செயலுக்கு ஒரு புகழ். இந்த இரண்டும் எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு இது என்ன பொருத்தம் என்று சிலர் கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை என்பதே பிறர் பிள்ளையைத் தம் கூரையின்கீழ் ஏற்றுக்கொண்ட ஒரு செயலாகத்தான் தொடங்கியது. எம்மைப் போன்ற மாணவிகள் பல தலைமுறைகளாக அதன் பயனை அனுபவித்து வந்திருக்கிறோம். ஆகவே இது எமது வரலாறும்தான்.

மஞ்சள் நீரும் முதுசமும்

எங்களுக்குக் கிடைக்கும் மிகப் பழைய உள்ளூர்ச் சான்று தேசவழமை ஆகும். ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தார். அது தமிழாக்கப்பட்டு, 12 முதலியார்களிடம் காட்டப்பட்டு, சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு அளித்தனர்.

அத்தொகுப்பில் பிள்ளை எடுத்தல் பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் பிறர் பிள்ளையை எடுக்க விரும்பினால், முதலில் தமக்குப் பின் சொத்துக்கு உரித்தாகவிருக்கும் சகோதரர், உறவினரின் சம்மதத்தைப் பெறவேண்டும். சம்மதித்தவர்கள் மஞ்சள் நீரில் விரல் தோய்ப்பார்கள். பிள்ளையை ஏற்பவர்கள் அந்த நீரை அருந்துவார்கள். அதன்பின் அப்பிள்ளை வளர்த்தவர்களின் உரித்தாளியாகிவிடும்.

இந்தச் சடங்கில் இரண்டு விடயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, இதன் மையத்தில் இருப்பது சொத்து. முதுசக் காணியும் பனந்தோப்பும் யாருக்குப் போகும் என்பதே கேள்வி. பிள்ளையின் நலன் பற்றி அங்கு தனியாக எதுவும் பேசப்படவில்லை. மற்றையது, அது உறவினர் அறிய நடந்தது. ஊரறியப் பிள்ளையை ஏற்றவர்கள் அதை மறைக்க வேண்டியிருக்கவில்லை. பிற்காலத்தில் எங்களிடையே பரவிய இரகசியம் அந்தப் பழைய வழக்கத்தில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது.

புத்திரனும் புண்ணியமும்

சொத்துக்கு அப்பால் சமயக் காரணமும் இருந்தது. 'புத்' என்னும் நரகத்திலிருந்து தந்தையைக் காப்பவன் புத்திரன் என்று மனுநூல் சொல்லும் விளக்கம் இந்து சமூகம் முழுவதிலும் பரவியிருந்தது. கொள்ளி வைக்கவும் திதி கொடுக்கவும் ஓர் ஆண்மகன் தேவை. பெற்ற மகன் இல்லாதபோது தத்துப் புத்திரன் அந்த இடத்தை நிரப்பினான். இதனாலேயே இந்தியாவில் இந்துச் சட்ட நூல்கள் தத்தெடுப்பை ஆண்பிள்ளையோடு மட்டும் இணைத்துப் பேசின. ஒரு பெண்பிள்ளையைத் தத்தெடுப்பதை இந்தியச் சட்டம் பொதுவாக ஏற்றுக்கொண்டது 1956ஆம் ஆண்டில்தான்.

இங்கே தத்தெடுப்பவரின் தேவைதான் முதன்மையானது. பிள்ளை ஒரு மறுமைக் கடனைத் தீர்க்கும் கருவியாக வந்து சேர்கிறான். பழைய உரோமர்களின் வழக்கமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. அவர்களும் குலப்பெயரையும் குலதெய்வ வழிபாட்டையும் தொடர்வதற்காகவே பெரும்பாலும் வளர்ந்த ஆண்களைத் தத்தெடுத்தனர்.

ஆனால் சாத்திரம் ஒன்றைச் சொல்ல, புராணம் வேறொன்றைச் சொல்லி வந்தது. உழுசாலில் கிடைத்த சீதையைச் சனகர் மகளாக வளர்த்தார். துளசி வனத்தில் கிடைத்த பெண்குழந்தையைப் பெரியாழ்வார் வளர்த்தார். அவளே ஆண்டாள் ஆனாள். கண்ணனுக்கு யசோதையைப் பாடாத பக்தி மரபு இல்லை. நல்லூரில் நாம் கும்பிடும் கந்தனும் சரவணப் பொய்கையில் கார்த்திகைப் பெண்கள் அறுவரால் வளர்க்கப்பட்டவன். கார்த்திகேயன் என்ற பெயரே வளர்த்த தாய்மாரிடமிருந்து வந்தது. சிவகுமாரன் என்ற பெயரும் அவனை விட்டுப் போகவில்லை. பெற்றவரின் பெயரும் வளர்த்தவரின் பெயரும் ஒரே தெய்வத்தில் பொருந்தி நிற்கின்றன. இக்கதைகளில் கிரியைக்கான ஆண்மகன் தேவை என்ற கணக்கு இல்லை. கைவிடப்பட்ட ஒரு குழந்தையின்மேல் எழும் அன்பே இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் நேர்த்திக்காகப் பிள்ளையைக் கோயிலில் விற்று வாங்கும் வழக்கமும் உண்டு. பிறந்த பிள்ளையைத் தெய்வத்திடம் கொடுத்துவிட்டு, காசு கொடுத்துத் திரும்பப் பெறுவார்கள். அந்தச் சிறிய சடங்கின் பொருளை எண்ணிப் பார்த்தால், பெற்ற பிள்ளையும் எங்களுக்கு முழு உடைமை அல்ல, வளர்க்கத் தரப்பட்டதே என்ற எண்ணம் அதில் புலப்படும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பெயர்கள்

1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினர். அவர்களின் சமய நோக்கு வேறு வகையானது. பவுல் அடிகளார் தம் நிருபங்களில் உரோமச் சட்டத்திலிருந்த தத்தெடுப்பு என்ற சொல்லை எடுத்து, இறைவன் மனிதரைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்வதைக் குறிக்கப் பயன்படுத்தினார். நாமே தகுதியின்றி ஏற்கப்பட்டவர்கள், ஆகவே நாமும் பிறரை ஏற்கவேண்டும் என்பது கிறிஸ்தவ அறத்தின் ஒரு பகுதியாயிற்று. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதே தூய பக்தி என்று யாக்கோபின் நிருபமும் போதித்தது.

1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். பெண்ணை வீட்டை விட்டு அனுப்பிப் படிப்பிப்பது யாழ்ப்பாணத்தார் கனவிலும் நினையாத காலம் அது. அந்தப் பிள்ளைகளின் உணவையும் உடையையும் கல்வியையும் மிஷன் பொறுப்பேற்றது. படித்து முடித்துக் கிறிஸ்தவர்களை மணம் முடித்த பெண்களுக்குச் சீதனமும் கொடுத்தது. ஒரு தாய் தகப்பன் செய்யவேண்டிய கடமைகள் அனைத்தையும் அது தன்மேல் எடுத்துக்கொண்டது என்றே கூறலாம். ஹரியற் அம்மையார் 1833இல், நாற்பது வயதை எட்டுமுன்பே, காலமானார்.

இதற்கான பணம் அமெரிக்காவின் தேவாலயங்களிலிருந்தும் பெண்கள் சங்கங்களிலிருந்தும் தனிப்பட்ட குடும்பங்களிலிருந்தும் வந்தது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பும் உபகாரி, அப்பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை இடும் உரிமையைப் பெற்றார். சிலர் தம் போதகரின் பெயரை அனுப்பினர். சிலர் இறந்துபோன தம் உறவினரின் பெயரை அனுப்பினர். இவ்வாறு, கடலுக்கு அப்பால் ஒரு வீட்டில் வெறுமையான இடத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று பெயரளவில் நிரப்பியது. அனுப்பியவரின் துயரமும் பக்தியும் உண்மையானவை. ஆனால் பெயரை இழந்த பிள்ளையிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வட்டுக்கோட்டை செமினரியில் படித்த பேரறிஞர்கள் பலரின் பெயர்களில் இதன் சுவடு இன்றும் இருக்கிறது. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்ற பெயர்களைத் தமிழ் இலக்கிய வரலாறு படித்தவர்கள் அறிவர். இவர்களுள் சதாசிவம்பிள்ளை கிறிஸ்தவராகவே வாழ்ந்து பாவலர் சரித்திர தீபகத்தை எமக்குத் தந்தார். விசுவநாதபிள்ளையோ பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் அவரோடு தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவ்வாறே திரும்பினார். சமயம் மாறிய பின்னரும் 'கறோல்' என்ற பெயர் வரலாற்றில் ஒட்டிக்கொண்டது. கொடுத்த கல்வியைப் பிள்ளை தன் வழியில் பயன்படுத்தியது. கொடுத்தவர் எதிர்பார்த்த பலன் எப்போதும் கிடைக்கவில்லை.

இதை வைத்து அந்த மிஷனரிமாரின் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியாகாது. ஆயினும் அவர்களது நோக்கம் கலப்பானது என்பதை அவர்களே உணர்ந்திருந்தார்கள். 1855இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த றூபஸ் அன்டர்சன் தலைமையிலான தூதுக்குழு, செலவுமிக்க விடுதிக் கல்வி ஆன்மிக நோக்கத்தை நிறைவேற்றுகிறதா என்ற கேள்வியை எழுப்பியது. செமினரியும் அவ்வாண்டில் மூடப்பட்டது. பிள்ளைகளுக்கு நன்மை செய்வது வேறு, பிள்ளைகளை ஒரு நோக்கத்துக்காக ஏற்பது வேறு. இந்த வேறுபாடு அப்போதே வெளிப்பட்டுவிட்டது.

சைவர் மறுமொழி

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், 1877ஆம் ஆண்டளவில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதும் இந்தப் பின்னணியிலேயே நோக்கத்தக்கவை. பசித்த பிள்ளையை நாம் பார்க்காவிட்டால் வேறொருவர் பார்ப்பார், அதோடு சமயமும் போய்விடும் என்ற கவலை சைவர் மத்தியில் இருந்தது. போட்டியும் ஓர் அறத்தைத் தூண்டலாம். பின்னாளில் சுவாமி விபுலாநந்தரின் முயற்சியால் மட்டக்களப்பில் கல்விப் பணியோடு ஆதரவற்ற பிள்ளைகளைப் பராமரிக்கும் பணியும் வளர்ந்தது.

ஒரு நூற்றாண்டு கழித்து, அந்தப் போட்டி மனப்பான்மையைக் கடந்த ஒரு பணியைத் தெல்லிப்பழையில் கண்டோம். சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் (1925–2008) ஆசிரியையாக இருந்தவர், திருமணம் செய்யாதவர். ஸ்ரீ துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைவியாக இருந்து, கோயிலுக்கு வந்த வருமானத்தைப் பெண்பிள்ளைகளுக்கான இல்லத்துக்குத் திருப்பினார். யுத்த காலத்தில் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவரை 'அம்மா' என்றே அழைத்தார்கள். கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்று சொன்ன சமயத்தின் உள்ளிருந்தே, உண்டியல் காசு பெண்பிள்ளைகளுக்குச் சேரவேண்டியது என்ற குரலும் எழுந்தது.

சட்டம் பேசத் தொடங்கியது

சமயங்கள் நீண்ட காலமாகப் பேசியதைச் சட்டம் மிகத் தாமதமாகவே கையில் எடுத்தது. இலங்கையின் பொதுச் சட்டமான உரோம-ஒல்லாந்தச் சட்டம் பிள்ளை எடுத்தலை அங்கீகரிக்கவில்லை. இங்கிலாந்திலேயே 1926 வரை அதற்குச் சட்டம் இருக்கவில்லை. மிஷனரிமார் பலர் புறப்பட்டு வந்த நியூ இங்கிலாந்துப் பகுதியில், மசசூசெற்ஸ் மாநிலம் 1851இல் இயற்றிய சட்டம்தான் பிள்ளைக்கு இது பொருத்தமானதா என்று நீதிபதி பார்க்கவேண்டும் என்பதை முதலில் வலியுறுத்திய சட்டங்களுள் ஒன்றாகும்.

இலங்கையில் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச்சட்டம் வந்தது. அதன்படி மகவேற்பு நீதிமன்றக் கட்டளையால் நடைபெறவேண்டும். ஏற்பவருக்குக் குறைந்தது 25 வயது இருக்கவேண்டும். பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருப்பது பொது விதி. 10 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதமும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டளை பிள்ளையின் நலனுக்கு உகந்தது என்று நீதிமன்றம் திருப்தியடையவேண்டும். மஞ்சள் நீரில் விரல் தோய்த்தவர்கள் சொத்துக்கு உரித்தாளிகள். இப்போது முதன்முறையாக, "உனக்குச் சம்மதமா?" என்று பிள்ளையிடமே கேட்கப்பட்டது. எங்கள் வரலாற்றில் இது சிறிய மாற்றம் அல்ல.

கடல் கடந்த பிள்ளைகள்

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை எமக்குக் கசப்பாகக் கற்பித்தது 1970களிலிருந்து நடந்த வெளிநாட்டு மகவேற்பு. அக்காலத்தில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓர் ஏழைக் குழந்தைக்கு வாழ்வு கொடுக்கிறோம் என்ற உண்மையான விருப்பத்தோடு, பலர் சமய உணர்வோடும், அங்குள்ள தம்பதியர் முன்வந்தார்கள். அந்த நல்லெண்ணத்துக்கு விலை உண்டு என்பதை இங்கிருந்த தரகர்கள் கண்டுகொண்டார்கள். ஏழைத் தாய்மாரிடமிருந்து குழந்தைகள் பெறப்பட்டு, பொய்ப் பத்திரங்கள் தயாரிக்கப்பட்டன. சில வேளைகளில் பெறாத பெண் ஒருவர் தாயென நடித்துக் கையொப்பமிட்டார்.

2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இதனை வெளிக்கொணர்ந்தது. 2020இல் சுவிற்சர்லாந்து அரசாங்கம் இலங்கைப் பிள்ளைகளின் மகவேற்பில் நடந்த முறைகேடுகளை ஏற்று வருத்தம் தெரிவித்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்தின் விசாரணைக்குழு, இலங்கை உட்பட 5 நாடுகளில் 1967 முதல் 1998 வரை நடந்தவற்றை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். இன்று நாற்பது வயதை அண்டிய ஆண்களும் பெண்களும் தம் தாயைத் தேடி இங்கு வருகிறார்கள். கையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் உண்மையானதா என்பதுகூடச் சிலருக்குத் தெரியாது.

இலங்கை பின்னர் சட்டங்களை இறுக்கியது. வெளிநாட்டு மகவேற்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை முதலில் ஏற்புறுதி செய்த 3 நாடுகளுள் எமது நாடும் ஒன்று. 2004 சுனாமிக்குப் பின்னர், பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்தெடுக்க உலகெங்கும் பலர் இரங்கி முன்வந்தபோது, அரசாங்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் அப்பிள்ளைகளை இங்கேயே வளர்ப்புப் பராமரிப்பில் வைத்திருக்க வழி செய்தது. முந்திய தசாப்தங்களின் பாடம் அதில் இருந்தது.

பெயரை மறைக்காதே

இந்த இடத்தில் இஸ்லாமிய மரபை நினைவுகூர விரும்புகிறேன். நபிகள் நாயகம் அவர்களே தாய் தந்தையரை இழந்து வளர்ந்தவர். ஸைத் என்பவரை மகனாக ஏற்றிருந்தார். மக்கள் அவரை முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தனர். பின்னர் குர்ஆனின் 33ஆம் அத்தியாயத்தில், வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழையுங்கள் என்ற கட்டளை வந்தது. அதன்பின் அவர் ஹாரிஸாவின் மகன் ஸைத் என்றே மீண்டும் அழைக்கப்பட்டார். அநாதையைப் பராமரிப்பதை மிக உயர்ந்த நன்மையாகப் போற்றும் மார்க்கம், அந்தப் பிள்ளையின் வம்சத்தை அழிக்க வேண்டாம் என்று தடுக்கிறது. 'கபாலா' என்ற இந்தப் பராமரிப்பு முறையை 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயமும் பெயர் குறிப்பிட்டு ஏற்கிறது. அதே சமவாயம், இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றும் கூறுகிறது.

ஒரு மருத்துவராக இதன் பொருளை நான் வேறொரு வழியில் உணர்கிறேன். நோயாளியிடம் "உங்கட அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்ததா? சகோதரங்களுக்கு மார்புப் புற்றுநோய் இருந்ததா?" என்று நாம் வழமையாகக் கேட்போம். எடுத்து வளர்க்கப்பட்டதை அறியாதவர், வளர்த்த தாயின் நோய்களைச் சொல்லுவார். நாமும் அதை நம்பி எழுதுவோம். அன்பினால் மறைத்த ஓர் உண்மை, நாற்பது வருடங்களின் பின் ஒரு தவறான சிகிச்சை முடிவுக்கு இட்டுச்செல்ல முடியும்.

பிள்ளைப்பேறின்மைக்காக வரும் தம்பதியரிடமும் பழைய நோக்கங்கள் அனைத்தையும் கேட்கலாம். "கடைசிக் காலத்தில பார்க்க ஒருத்தர் வேணும் டொக்டர்", "கோயில்ல சொன்னவை, ஒரு பிள்ளையை எடுத்தால் தோஷம் கழியுமாம்" என்பார்கள். ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் சொந்தப் பிள்ளை தரிக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. மருத்துவ ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. அந்த நோக்கத்தோடு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தால், பிறகு சொந்தப் பிள்ளை பிறந்தாலும் பிறக்காவிட்டாலும், அது ஒரு பரிகாரப் பொருளாகவே வாழவேண்டியிருக்கும். இந்த நோக்கங்களுக்காக யாரையும் நான் பழிப்பதில்லை. கலப்பில்லாத நோக்கத்தோடு பெற்ற பிள்ளையைக்கூட யாரும் பெறுவதில்லை. எந்த நோக்கத்தோடு கதவைத் திறந்தாலும், உள்ளே வந்த பிள்ளையை ஒரு முழு மனிதப் பிறவியாகக் காண முடிகிறதா என்பதே முக்கியம்.

யுத்தத்தில் பெற்றோரை இழந்த எத்தனையோ பிள்ளைகளை எங்கள் ஊர்களில் அம்மம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் வளர்த்தார்கள். நீதிமன்றக் கட்டளையோ புண்ணியக் கணக்கோ இல்லாமல், "எங்கட பிள்ளைதானே" என்ற ஒரு சொல்லோடு ஏற்றார்கள். இறந்த தாயின் படத்தைச் சுவரில் மாட்டி, "இதுதான் உன்ர அம்மா" என்று காட்டி வளர்த்தவர்களும் அவர்களே. நான் மேலே விரித்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிக நேர்மையானதாகத் தோன்றும் மகவேற்பு அதுதான்.

எமது சங்கம் நூற்றாண்டை நிறைவுசெய்யும் இவ்வேளையில், உதவி தேவைப்படும் பிள்ளைகளின் கல்விக்கு அனுசரணை வழங்குவது பற்றி உலகெங்கும் வாழும் பழைய மாணவிகள் பேசி வருகிறோம். மிக நல்ல எண்ணம். முன்பு பணம் அமெரிக்காவிலிருந்து வந்தது. இப்போது இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் எமது சகோதரிகளே அனுப்பப்போகிறார்கள். ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். பணம் பெறும் பிள்ளையின் படத்தையும் குடும்பக் கதையையும் மலரிலோ மேடையிலோ வெளியிட வேண்டாம். காலஞ்சென்ற அன்புக்குரியவரின் நினைவாக நிதி தருபவர்கள், அந்தப் பெயரை நிதிக்கு இடட்டும். பிள்ளையைப் பிள்ளையின் பெயராலேயே அழைப்போம். எமது பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் ஒவ்வொரு காலையும் எங்களை எங்கள் சொந்தப் பெயர்களால் கூப்பிட்டார்கள். அந்த மரியாதை அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும்.